சமூக வலையமைப்புச் சேவைகளில் பயனர் பின்னூட்டல்

க.பொ.த (உயர்தர) வணிகக் கல்வி, தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஆகிய பாடங்களைக் கற்கும் மாணவர்களுக்கானது

பின்னூட்டல் என்றால் என்ன?

ஒரு முறைமையின் வெளியீட்டைப் பற்றிய தகவல் மீண்டும் அதே முறைமைக்குள் உள்ளீடாகச் சென்று, அடுத்த வெளியீட்டைத் திருத்துவதற்கு உதவுமாயின் அத்தகவல் பின்னூட்டல் எனப்படும். உள்ளீடு, செயன்முறை, வெளியீடு, பின்னூட்டல் என்னும் நான்கையும் கொண்ட வரிப்படத்தை நீங்கள் ஏற்கனவே வரைந்திருப்பீர்கள். அப்படத்தில் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பிச் செல்லும் அம்புக்குறியே இன்றைய பாடமாகும்.

மேலே தரப்பட்ட வரைவிலக்கணத்தில் "திருத்துவதற்கு" என்னும் சொல்லைக் கோடிட்டுக் கொள்ளுங்கள். பெரும்பாலான மாணவர்கள் "வாடிக்கையாளர் கூறும் கருத்தே பின்னூட்டலாகும்" என எழுதிவிட்டு நிறுத்தி விடுகின்றனர். கருத்துக் கூறப்பட்டால் மட்டும் போதாது. அது உரிய இடத்தை அடைந்து, வாசிக்கப்பட்டு, விளங்கிக்கொள்ளப்பட்டு, அதன் விளைவாக ஏதேனும் மாற வேண்டும். கடைக்கு முன்னால் முறைப்பாட்டுப் பெட்டி தொங்குகின்றது, ஆனால் அதன் திறப்பு எவரிடமும் இல்லை என்றால் அங்கு பின்னூட்டல் நிகழவில்லை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்திற் கொண்டால் இப்பாடத்தின் முக்காற் பங்கு விளங்கிவிடும்.

வெளிப்படையானதும் மறைமுகமானதும்

பயனர் தாமாக வாய் திறந்து தெரிவிப்பது வெளிப்படையான பின்னூட்டலாகும். முறைப்பாடு, வினாக்கொத்துக்கு அளிக்கும் விடை, நட்சத்திரக் குறியீடு, "இப்பதிவை அறிக்கையிடுக" என்னும் பொத்தானை அழுத்துதல் ஆகியன இவ்வகையின. பயனர் எதுவும் கூறாதபோதும் அவரது நடத்தையிலிருந்து பெறப்படுவது மறைமுகமான பின்னூட்டலாகும். எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார், எந்த இடத்தில் வெளியேறினார், எதை அழித்தெழுதினார் என்பவற்றைச் சேவை வழங்குநரின் கணினி பதிந்து வைத்திருக்கும்.

மறைமுகப் பின்னூட்டலுக்கு நல்ல உதாரணம் டுவிட்டர் ஆகும் (2023 ஜூலை முதல் இதன் பெயர் எக்ஸ்). ஒரு பதிவில் 140 குறிகளுக்கு மேல் எழுத முடியாது என்பது அதன் தொடக்ககால விதியாக இருந்தது. 2017 இல் அந்நிறுவனம் தனது தரவுகளை ஆராய்ந்தபோது, ஆங்கிலப் பதிவுகளில் 9 சதவீதமானவை எல்லையை முட்டி நிற்பதையும், யப்பானிய மொழியில் அது 0.4 சதவீதம் மட்டுமே என்பதையும் கண்டது. யப்பானிய மொழியில் ஒரே குறி ஒரு முழுச் சொல்லையே தாங்க வல்லது என்பதே காரணம். அவ்வாண்டு நவம்பரில் யப்பான், சீனம், கொரியம் தவிர்ந்த ஏனைய மொழிகளுக்கு எல்லை 280 ஆக உயர்த்தப்பட்டது. பயனரின் நடத்தை பற்றிய தரவுகளிலிருந்து தொடங்கிய முடிவு இது.

தமிழ் மாணவர் இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்கலாம். "யாழ்ப்பாணம்" என்ற சொல்லில் நாம் எண்ணும் எழுத்துகள் 6. ஆனால் யூனிகோட் முறையில் அது 11 குறிகளாகப் பதியப்படுகின்றது. ஏனெனில் புள்ளியும் அரவும் தனிக்குறிகளாகவே கணிக்கப்படுகின்றன. ஆகவே 140 என்ற எல்லை தமிழருக்குச் சொல்லப்பட்டதைவிட இன்னும் குறுகியதாகவே இருந்தது. (தாளில் எழுதி எண்ணிப் பாருங்கள், குறிமுறையாக்கம் பற்றிய அலகிலும் இது உதவும்.)

வாடிக்கையாளர் யார்?

சோப்பு வாங்குபவர் பணம் கொடுக்கின்றார், சோப்பைப் பயன்படுத்துகின்றார். அங்கு வாடிக்கையாளரும் பயனரும் ஒருவரே. பேஸ்புக் போன்ற சேவையில் அவ்வாறன்று. நீங்களும் நானும் பயனர்கள். பணம் செலுத்துபவர் விளம்பரதாரர். எனவே "வாடிக்கையாளரின் குரல்" எனும்போது நிறுவனத்தின் காதில் முதலில் விழுவது யாருடைய குரல் என்ற வினா எழுகின்றது. விளம்பர வருமானம் குறைந்த சிறிய நாடொன்றின் பயனர், நிறுவனத்தின் கணக்கேட்டில் சிறிய எண்ணாகவே தோன்றுவார். இதைக் குற்றச்சாட்டாக அன்றி, வணிக மாதிரியின் இயல்பாக விளங்கிக் கொள்ளுங்கள். பின்வரும் இலங்கை நிகழ்வை விளங்க இது அவசியம்.

பயனர் சொன்னதும் செய்ததும்: 2006

2006 செப்ரெம்பர் 5 ஆந் திகதி பேஸ்புக் "நியூஸ் ஃபீட்" என்னும் செய்தியோடையை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்னர் நண்பர் ஒருவர் என்ன செய்தார் என அறிய அவரது பக்கத்துக்குச் செல்ல வேண்டும். அதற்குப் பின்னர் எல்லாம் முகப்பிலேயே வரிசையாக வந்து விழுந்தன. பல இலட்சம் பயனர்கள் எதிர்ப்புக் குழுக்களில் இணைந்தனர். தம்மை எவரோ வேவு பார்ப்பது போல இருக்கின்றது என்பதே அவர்களது முறைப்பாடு.

வேடிக்கை என்னவென்றால், அந்த எதிர்ப்புக் குழு அவ்வளவு விரைவாக வளர்ந்ததற்கே செய்தியோடைதான் காரணம். "உங்கள் நண்பர் இக்குழுவில் இணைந்துள்ளார்" என்ற தகவலை அதுவே எங்கும் கொண்டு சென்றது. பயனர்கள் முன்னரைவிடக் கூடிய நேரம் அத்தளத்தில் செலவிடுவதும் நிறுவனத்தின் பதிவுகளில் தெரிந்தது. வெளிப்படையான பின்னூட்டல் "வேண்டாம்" என்றது. மறைமுகமான பின்னூட்டல் "வேண்டும்" என்றது.

நிறுவனம் செய்தியோடையை நீக்கவில்லை. அதேவேளை முறைப்பாட்டைப் புறக்கணிக்கவும் இல்லை. மூன்று நாட்களின் பின், செப்ரெம்பர் 8 ஆந் திகதி, மார்க் ஸக்கர்பேர்க் பகிரங்கக் கடிதம் ஒன்றில் தவறை ஏற்றுக்கொண்டு, எத்தகவல் செய்தியோடையில் வரலாம் என்பதைப் பயனரே தெரிவு செய்யும் அந்தரங்கக் கட்டுப்பாடுகளை அறிவித்தார். பயனர் கேட்ட பரிகாரம் வேறு, அவரது உண்மையான குறை வேறு. குறையைக் கண்டுபிடித்து அதற்குப் பரிகாரம் தேடுவதே பகுப்பாய்வாளரின் பணி.

இதற்கு மாறான முடிவும் உண்டு. 2007 நவம்பரில் வந்த "பீக்கன்" என்னும் விளம்பர வசதி, பயனர் வேறு இணையத்தளங்களில் வாங்கிய பொருட்களை அவரது நண்பர்களுக்கு அறிவித்தது. எதிர்ப்பு எழுந்தது, டிசெம்பர் 5 இல் மன்னிப்புக் கோரப்பட்டு, அதை முற்றாக நிறுத்திவைக்கும் வசதி வழங்கப்பட்டது. இங்கு சொல்லுக்கும் செயலுக்கும் முரண்பாடு இருக்கவில்லை. பின்னர் வழக்கும் தொடரப்பட்டு, 2009 இல் அச்சேவை மூடப்பட்டது.

பயனரே திருத்தும் முறை

சில வேளைகளில் பயனர் குறை கூறுவதோடு நிற்காமல் திருத்தத்தையும் தாமே செய்து கொடுப்பர். 2007 ஓகஸ்டில் டுவிட்டர் பயனரான கிறிஸ் மெசினா, ஒரே விடயம் பற்றிய பதிவுகளைச் சேர்க்க # குறியைச் சொல்லுக்கு முன் இடலாம் என்றார். நிறுவனம் அப்போது அதில் அக்கறை காட்டவில்லை. ஆயினும் பயனர்கள் பின்பற்றினர். 2009 இல் டுவிட்டரே அக்குறியிட்ட சொற்களை இணைப்புகளாக மாற்றியது. இன்று ஹாஷ்டேக் இல்லாத சமூக வலைத்தளமே அரிது.

பேஸ்புக் 2008 இல் தனது தளத்தை மொழிபெயர்க்கும் பணியைப் பயனரிடமே ஒப்படைத்தது. ஒருவர் ஒரு தொடரை மொழிபெயர்ப்பார், ஏனையோர் வாக்களிப்பர், கூடிய வாக்குப் பெற்றது தளத்தில் இடம்பெறும். தமிழ் இடைமுகமும் 2009 இல் இவ்வாறே வந்தது. அதில் இலங்கைத் தமிழர் வழக்கும் தமிழ்நாட்டு வழக்கும் போட்டியிடும்போது, தொகையில் கூடியவர்களின் சொல்லே வெல்லும் என்பது வாக்களிப்பு முறையின் இயல்பு. பெரும்பான்மையை எண்ணும் எந்தப் பின்னூட்டல் முறையிலும் இச்சிக்கல் மறைந்திருக்கின்றது.

இலங்கை நிகழ்வு: 2018

தளம் தமிழிலும் சிங்களத்திலும் தெரிந்தால், முறைப்பாடும் அம்மொழிகளில் வாசிக்கப்படும் என்று நாம் எண்ணுவோம். 2018 இல் நடந்தது வேறு.

அவ்வாண்டு பெப்ரவரி 26 ஆந் திகதி அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக எழுந்த வதந்தியைத் தொடர்ந்து வன்முறை நிகழ்ந்தது. அது பற்றிய காணொளி பேஸ்புக்கில் பரவியது. (உணவில் இருந்தது மாவுப்பொருளே என அரச பகுப்பாய்வு பின்னர் கூறியது.) மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டத்தின் தெல்தெனிய, திகன பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, உயிர்களும் போயின. மார்ச் 6 இல் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மார்ச் 7 இல் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முதலிய சேவைகளை அரசாங்கம் முடக்கியது. நிறுவனப் பிரதிநிதிகள் கொழும்பு வந்து பேசிய பின்னர், மார்ச் 15 இல் பேஸ்புக் மீதான தடை நீக்கப்பட்டது.

இப்பாடத்துக்கு வேண்டியது, இக்காலத்தில் "அறிக்கையிடுக" பொத்தானை அழுத்தியவர்களுக்கு என்ன நடந்தது என்பதாகும். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையமும் வேறு சிவில் சமூக அமைப்புகளும் 2018 ஏப்ரலில் ஸக்கர்பேர்க்குக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றை எழுதின. அதில் ஓர் உதாரணம் தரப்பட்டிருந்தது. முஸ்லிம்கள் அனைவரையும் கொல்லுமாறும் குழந்தையைக்கூட விட வேண்டாமெனவும் கூறும் சிங்களப் பதிவொன்று மார்ச் 7 இல் அறிக்கையிடப்பட்டது. ஆறு நாட்களின் பின் கிடைத்த பதில், அப்பதிவு சமூக விதிகளில் குறிப்பிட்ட எதனையும் மீறவில்லை என்பதே.

இதை நிதானமாகப் பகுப்பாய்வு செய்யுங்கள். விதி இருந்தது, வன்முறையைத் தூண்டும் பதிவுகளை அந்நிறுவனத்தின் விதிகள் அப்போதும் தடை செய்தன. பொத்தான் இருந்தது. பயனர் அதை அழுத்தினார். முறைப்பாடு உரிய இடத்தைச் சென்றடைந்து பதிலும் வந்தது. வரிப்படத்தில் எல்லா அம்புக்குறிகளும் உள்ளன. அப்படியாயின் எங்கே அறுந்தது? வாசிக்கும் இடத்தில். சிங்களம் அறிந்த, நாட்டின் சூழல் அறிந்த பரிசீலகர்கள் போதிய அளவில் இருக்கவில்லை. ஆங்கிலத்தில் பழகிய செயன்முறைக்குள் சிங்கள உள்ளீடு சென்றது. பிழையான வெளியீடு வந்தது. அதற்கான காலமும் ஆறு நாட்கள். கலவரம் ஒன்றில் ஆறு நாட்கள் என்பது எவ்வளவு நீண்ட காலம் என்பதை இத்தீவில் உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது இடைவெளி பரவும் வேகமாகும். பதிவொன்றைப் பலர் பார்த்துக் கருத்திடுவதும் பகிர்வதும் மறைமுகப் பின்னூட்டலாகக் கொள்ளப்பட்டு, அது மேலும் பலருக்குக் காட்டப்படுகின்றது. கோபத்தால் பகிர்வதற்கும் விருப்பத்தால் பகிர்வதற்கும் கணினிக்கு வேறுபாடு எளிதில் தெரிவதில்லை. ஆகவே ஒரே பதிவு பற்றி இரண்டு பின்னூட்டல்கள் சென்றன. "இது ஆபத்தானது" என்ற முறைப்பாடு ஆறு நாட்கள் காத்திருந்தது. "இது பலரை ஈர்க்கின்றது" என்ற சமிக்ஞை உடனேயே செயற்பட்டது.

பின்னர் நிகழ்ந்த திருத்தங்களையும் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். சிங்களம் அறிந்த பணியாளரை அதிகரிப்பதாக 2018 இலேயே நிறுவனம் உறுதியளித்தது. இலங்கையில் தனது சேவையின் மனித உரிமைப் பாதிப்பை மதிப்பிடும் பணியை ஆர்ட்டிகிள் வன் என்னும் ஆலோசனை நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2020 மே மாதத்தில் அம்மதிப்பீடு வெளியிடப்பட்டபோது, ஏற்பட்ட பாதிப்புகளுக்காகப் பேஸ்புக் மன்னிப்புக் கோரியது. சிங்கள வெறுப்புப் பேச்சைத் தானாகக் கண்டறியும் தொழினுட்பம் பற்றியும் அப்போது அறிவித்தது. வட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐவருக்கு மேல் அனுப்ப முடியாதென்ற எல்லை 2019 ஜனவரியில் உலகெங்கும் விதிக்கப்பட்டது. மெசெஞ்சரில் அது 2020 செப்ரெம்பரில் வந்தது. திகனவில் எரிந்த கடைகளுக்கும் மன்னிப்புக்கும் இடையே இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் உள்ளது. "பின்னூட்டலின் காலந்தாழ்வு" பற்றிக் கேட்கப்படின் இதைவிடத் தெளிவான உதாரணம் நமது நாட்டில் இல்லை.

தன்னியக்கக் கண்டறிதல் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் எனவும் எழுதிவிட வேண்டாம். நம்மவர் பலர் தமிழை ஆங்கில எழுத்துகளில் தட்டெழுதுகின்றனர். ஒரே சொல்லை நால்வர் நான்கு விதமாக எழுதுவர். யாழ்ப்பாணப் பேச்சில் அன்பாகக் கூறும் வசைச்சொல்லும் உண்டு. பொறிக்கு இவை கடினமானவை. மேலும், பிடிக்காத ஒருவரின் பக்கத்தை மூடுவிக்கப் பலர் கூட்டாகச் சேர்ந்து பொய்யாக அறிக்கையிடுவதும் நடக்கின்றது. எனவே முறைப்பாடுகளின் எண்ணிக்கையை மட்டும் உண்மையின் அளவுகோலாகக் கொள்ள முடியாது.

விதியே திருத்தப்பட வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. பொருளாதார நெருக்கடியின்போது, 2022 ஏப்ரலில், இலங்கையின் மருத்துவமனைகளுக்கு மருந்து நன்கொடை கோரும் பதிவொன்று பேஸ்புக்கில் இடப்பட்டது. மருந்து கேட்பதையும் கொடுப்பதையும் தடுக்கும் விதியை எழுத்துப்படி எடுத்தால் அது நீக்கப்பட வேண்டியது. மெட்டா நிறுவனம் (2021 ஒக்டோபர் முதல் தாய் நிறுவனத்தின் பெயர் இதுவாகும்) விதியின் நோக்கத்தைக் கருதி அதை விட்டுவைத்தது. அதன் மேற்பார்வைச் சபையும் 2023 மார்ச்சில் அம்முடிவை உறுதி செய்து, இவ்வாறான விதிவிலக்கு உண்டு என்பதைப் பயனருக்குப் பகிரங்கமாக அறிவிக்கும்படி பரிந்துரைத்தது.

கணக்குடன் ஓர் உதாரணம்

வடமராட்சியிலுள்ள பாடசாலையொன்றின் பழைய மாணவர் சங்கம் தனக்கெனச் சிறிய சமூக வலையமைப்பொன்றை நடத்துகின்றது என வைத்துக்கொள்வோம். உறுப்பினர் 1200 பேர். அவர்களுள் ரொறன்ரோ, இலண்டன் முதலிய இடங்களில் 500 பேரும் குடாநாட்டில் 700 பேரும் உள்ளனர். சேவையை மேம்படுத்த ஆங்கிலத்தில் தயாரித்த வினாக்கொத்து மின்னஞ்சலில் அனுப்பப்பட்டது. 150 பேர் பதிலளித்தனர்: வெளிநாட்டில் 130, குடாநாட்டில் 20.

வெளிநாட்டவருள் 104 பேர் நேரலைக் காணொளி வேண்டும் என்றனர். குடாநாட்டவர் எவரும் அதைக் கேட்கவில்லை. குடாநாட்டவருள் 14 பேர் படங்கள் திறக்க நெடுநேரமாகின்றது, டேட்டா வீணாகின்றது என்றனர். வெளிநாட்டவர் எவரும் அக்குறையைக் கூறவில்லை.

பதில்களை அப்படியே கூட்டினால், காணொளி கேட்டோர் 150 இல் 104, அதாவது 69.3%. வேகக்குறை கூறியோர் 14, அதாவது 9.3%. செயற்குழு காணொளிக்கே பணம் ஒதுக்கும்.

இப்போது பதிலளித்தோர் வீதத்தைப் பாருங்கள். வெளிநாட்டில் 26%, குடாநாட்டில் 2.9% அளவே. ஒவ்வொரு பிரிவின் கருத்தையும் அப்பிரிவின் முழு உறுப்பினருக்கும் பொருத்தினால், காணொளி வேண்டுவோர் 500 இல் 80%, அதாவது 400 பேர்; மொத்தத்தில் 33.3%. வேகக்குறை உடையோர் 700 இல் 70%, அதாவது 490 பேர், மொத்தத்தில் 40.8%. வரிசை தலைகீழாகிவிட்டது.

ஆயினும் 20 பேரின் பதிலை 700 பேருக்குப் பொருத்துவது துணிச்சலான காரியம். இக்கணக்கு முடிவு அன்று. எங்கே மேலும் விசாரிக்க வேண்டும் என்பதைக் காட்டும் சுட்டு மட்டுமே. அடுத்த படியாக வினாக்கொத்தைத் தமிழில் எழுதி, மின்னஞ்சலுக்குப் பதிலாகத் தொலைபேசியிலோ நேரிலோ ஐம்பது அறுபது பேரையாவது கேட்க வேண்டும். தளத்தின் பதிவேட்டில் குடாநாட்டுப் பயனர் எப்பக்கத்தில் வெளியேறுகின்றனர் எனவும் பார்க்கலாம். பதிலளிக்காத 680 பேரும் திருப்தியுடன் இருக்கின்றனர் எனக் கொள்வது இவ்வகை வினாக்களில் மாணவர் அதிகம் விடும் பிழையாகும். அவர்களுட் சிலர் ஏற்கனவே தளத்தை விட்டுச் சென்றிருக்கக்கூடும்.

விடையெழுதும்போது

"பயனர் பின்னூட்டலைப் பயன்படுத்திச் சேவையொன்றை மேம்படுத்தும் வழிகளை விளக்குக" எனக் கேட்கப்படின், திரட்டும் முறைகளை மட்டும் நீளமாகப் பட்டியலிட்டு நேரத்தை இழக்காதீர்கள். திரட்டல் இரண்டொரு வசனங்களில் முடியட்டும். வகைப்படுத்தல், முன்னுரிமை வழங்கல், திருத்தல், திருத்தியதைப் பயனருக்குத் தெரிவித்தல் என்பவற்றுக்கு இடம் கொடுங்கள். இறுதியானதைப் பலர் மறந்து விடுகின்றனர். தனது முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது என அறியாத பயனர் அடுத்த முறை முறையிட மாட்டார். உதாரணத்தைப் பெயருடனும் ஆண்டுடனும் எழுதுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. வெளிப்படையான பின்னூட்டல், மறைமுகமான பின்னூட்டல் ஆகியவற்றை ஓர் உதாரணம் வீதம் தந்து வேறுபடுத்துக.

2. 2006 இல் செய்தியோடை தொடர்பாகப் பேஸ்புக் பயனர்கள் கேட்டதற்கும் நிறுவனம் வழங்கியதற்கும் இடையிலான வேறுபாடு யாது? அம்முடிவு பொருத்தமானதா? காரணம் தருக.

3. 2018 மார்ச்சில் அறிக்கையிடப்பட்ட சிங்களப் பதிவின் பயணத்தை உள்ளீடு, செயன்முறை, வெளியீடு, பின்னூட்டல் என்னும் வரிப்படத்தில் குறித்து, தடை ஏற்பட்ட இடத்தைக் காட்டுக.

4. மேற்கூறிய பழைய மாணவர் சங்கத்தின் செயற்குழுவில் நீங்கள் உள்ளீர்கள். காணொளி வசதி, வேகத் திருத்தம் ஆகிய இரண்டில் ஒன்றுக்கே இவ்வாண்டு பணம் உண்டு. வெளிநாட்டு உறுப்பினர்களே சங்கத்துக்குப் பெரும்பாலான நிதியை வழங்குகின்றனர். உங்கள் தீர்மானத்தையும், மறுதரப்பினருக்கு நீங்கள் அனுப்பும் பதிலையும் எழுதுக.

(நான்காம் வினாவுக்கு ஒரே சரியான விடை இல்லை. "வாடிக்கையாளர் யார்?" என்னும் பகுதியை மீண்டும் ஒருமுறை வாசித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.)